அஞ்சலையின் பொடிசுகள்

திண்டிவனத்தில் எனக்குத் தெரிந்த பல் டாக்டர் ஒருவர் இருக்கிறார். கைராசிக்காரர், ஆனால் வாய் ஓயாதவர். நம் வாயை அடைத்துவிட்டு அவர் பேசுவார். போன வாரம் கடைவாய்ப் பல் குடைச்சல் தாங்காமல் அவரிடம் போய் உட்கார்ந்தேன். சொத்தையைச் சுத்தம் செய்துவிட்டு, பஞ்சைக் கிராம்பு எண்ணெயில் தோய்த்துப் பல்லுக்குள் வைத்தார். அவ்வளவுதான், கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்ட ஆரம்பித்துவிட்டது. "சார், நான் இன்னும் ஒண்ணுமே பண்ணலையே!" என்று அவர் பதறிப்போனார். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு, வலியெல்லாம் இல்லை டாக்டர் என்று எப்படிச் சொல்வது? தலையை ஆட்டினேன். வலிக்கிறது என்று எடுத்துக்கொண்டு அவர் இன்னும் கொஞ்சம் எண்ணெய் வைத்தார்.

கிராம்பு எண்ணெய் என்றால் உங்களுக்குப் பல்வலிதான் ஞாபகம் வரும். எனக்கு என் மனைவி அஞ்சலையின் விரல்கள். அவள் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அவளுடைய புடவைகளைக் கொடுத்துவிட்டேன். மைக்ராஸ்கோப்பை யுனிவர்சிட்டியில் ஒப்படைத்துவிட்டேன். பொம்மையார்பாளையத்து வாடகை வீட்டையும் காலி செய்துவிட்டேன். எல்லாவற்றையும் ஒருமாதிரி கடந்தாயிற்று என்று கொஞ்சம் தெம்பாகவே இருந்தேன். கடைசியில் ஒரு பஞ்சுத் துண்டு என்னைக் கவிழ்த்துவிட்டது.

அஞ்சலை தொல்லுயிர் ஆராய்ச்சியாளர். இதைச் சொன்னால் என் ஆபீஸ்காரர்களுக்கு டைனோசர்தான் ஞாபகம் வரும். "இன்னாப்பா, வீட்ல எலும்பெல்லாம் எங்க அடுக்கி வெச்சிருக்கீங்க?" என்று கேட்பார்கள். அவள் தேடியதோ மணல் பருக்கையைவிடச் சின்ன ஓடுகள். கடலில் வாழும் ஒற்றைச் செல் உயிர் ஒன்று தனக்கென்று சுண்ணாம்பில் கட்டிக்கொள்ளும் வீடு அது. உயிர் போய்விடும், வீடு மட்டும் சேற்றுக்குள் இருக்கும், கோடிக்கணக்கான வருஷம் ஆனாலும் இருக்கும். எந்த வகை எந்த ஆழத்துத் தண்ணீரில் வாழும் என்று தெரிந்தால், அந்தச் சேறு ஒரு காலத்தில் என்ன கடலாக இருந்தது என்று சொல்லிவிடலாம். அவற்றுக்கு நாக்கு சுளுக்கும் லத்தீன் பெயர்கள் உண்டு. வீட்டில் அஞ்சலை வைத்திருந்த பெயர் பொடிசுங்க. "பொடிசுங்க கூட உக்காந்துட்டேன், சாதத்த நீங்களே வடிச்சிடுங்க" என்பாள். வடித்துவிடுவேன். சில நாள் குழைந்துவிடும்.

அந்தப் பொடிசுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கறுப்பு அட்டையில் இருக்கும் சின்னக் கட்டங்களில் ஒட்ட வேண்டும். அதற்கு ஒரு பிசினைத் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்வாள். பூஞ்சை பிடிக்காமல் இருக்க அதில் கிராம்பு எண்ணெய் சொட்டுவாள். பூனை மீசை போல நுனி மெலிந்த பிரஷ், அதை நாக்கு நுனியில் ஈரப்படுத்தி, ஓட்டைத் தொட்டால் அது பிரஷ்ஷோடு வந்துவிடும். அவள் ரசம் சோறு பிசைந்து கொடுத்தாலும் அதில் கிராம்பு மணக்கும். ஆரம்பத்தில் நான், இந்தப் பெண்ணுக்கு எந்நேரமும் பல்வலி போலிருக்கிறது, பாவம், என்றுதான் நினைத்தேன்.

ஆரம்பம் என்றால் வானூரில். தாலுகா ஆபீசில் எனக்கு வேலை கிடைத்த புதிது. புழுதி படிந்த காட்டன் புடவையோடு ஒரு பெண் வந்து, ஒரு கிராமத்தின் நில வரைபடம் வேண்டும் என்றாள். அங்கே கிணறு வெட்டுகிறார்களாம், வெளியே கொட்டும் மண்ணைப் பார்க்க வேண்டுமாம். நான் "நாளைக்கு வாங்க" என்றேன். அரசாங்க உத்தியோகத்தில் முதலில் கற்றுக்கொள்வது அதுதானே. அவள் கோபப்படவில்லை.

"இந்த இடத்துல ஆறு கோடி வருசத்துக்கு முன்னாடி கடலு இருந்துச்சு சார். அந்தக் கடலே இவ்ளோ நாளு காத்துகினு இருக்குது. நான் ஒரு நாளு காத்திருக்க மாட்டேனா?"

பையிலிருந்து முறுக்கு போலச் சுருண்ட ஒரு கல்லை எடுத்து என் மேஜையில் வைத்தாள். தொடும்போது குளிர்ச்சியாக இருந்தது. கல்லாகிப்போன கடல்பிராணியாம். "இது இங்கியே இருக்கட்டும், நாளைக்கு எடுத்துக்கிறேன்" என்று போனாள். மறுநாள் வந்தாள், வரைபடத்தை வாங்கினாள், கல்லை மறந்துவிட்டாள். மறந்தாளா விட்டுவிட்டுப் போனாளா என்று பிற்பாடு எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். சிரிப்பாளே தவிர பதில் வராது. கல்லைக் கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் அவள் அப்பாவைப் பார்த்தேன். கல்யாணத்தில் முடிந்தது.

அவள் அப்பா மரக்காணத்தில் உப்பளத் தொழிலாளி. கூலிக்கு உப்பு வாரி அவளை எம்.எஸ்சி. வரை படிக்க வைத்தவர். பிஎச்.டி. செய்யும்போது அவளுடைய பேராசிரியர், "அஞ்சலைன்னு வேணாம்மா, அஞ்சலின்னு போட்டுக்கோயேன், வெளியில எடுப்பா இருக்கும்" என்றாராம். இவள், "எங்கப்பா வெச்ச பேரு சார்" என்று நிறுத்திக்கொண்டாள். வெளிநாட்டிலிருந்து வரும் கடிதங்களில் 'மிஸ்டர் அஞ்சலை' என்று இருக்கும். அவற்றையெல்லாம் என்னிடம் நீட்டி, "உங்களுக்குத்தான் வந்திருக்குது, பதில் போடுங்க" என்பாள்.

உப்பளத்துச் சேற்றின் வாடை உங்களுக்குத் தெரியுமா? அழுகிய முட்டையும் தீக்குச்சி மருந்தும் கலந்ததுபோல இருக்கும். முதல் தடவை எனக்குக் குமட்டியது. அஞ்சலை அதை மூச்சு முட்ட இழுத்து, "நல்லா இருக்குதில்ல?" என்றாள். மழைக்காலம் முடிந்து பாத்தி கட்டும் வேலை தொடங்கும் முன்பு, கழிமுகத்து ஓரம் ஒரு பாத்தியின் மூலையில் குழி வெட்டினோம். நானும் என் மாமனாரும் வெட்ட, அவள் உள்ளே இறங்கி ஒவ்வொரு அடுக்காகச் சேற்றை வழித்தெடுத்தாள். மாமா மேலே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சேறு வாணாம்னுதானே உன்ன படிக்க வெச்சேன். அம்மாம் படிச்சிட்டு திரும்ப இதுலயே வந்து எறங்கிட்டியேம்மா."

"இது வேற சேறு நைனா. ரொம்பப் பழைய சேறு."

"எல்லாம் ஒரே நாத்தந்தான்" என்றார் மாமா. ஆனாலும் வெயில் படாமல் அவள் தலைக்கு மேல் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து, சேற்றைச் சல்லடையில் அலசி, காய வைத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். கறுப்பாக, வரிவரியாக, மெல்ல அசைந்துகொண்டு ஏதோ தெரிந்தது. "அஞ்சல, உயிரோட இருக்குது!" என்று கத்தினேன். அவள் வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் பார்த்தது என் கண் இமை முடியை.

அந்தக் குழியில்தான் அவளுக்குப் பெயர் கிடைத்தது. நடுவில் ஓர் அடுக்கில், கழிமுகத்தில் இருக்கவே கூடாத வகைகள் அவளுக்குக் கிடைத்தன. ஆழமான திறந்த கடலில் மிதந்து வாழும் பொடிசுகள். அப்படியானால் மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி ஏரி முழுவதும் சில ஆயிரம் வருஷங்களுக்கு முன்பு ஆழமான விரிகுடாவாக இருந்திருக்க வேண்டும், அலை இப்போது கடலுக்கு வெகு உள்ளே இருக்கும் பெருமுக்கல் மலையடிவரைக்கும் போயிருக்க வேண்டும். இதை அவள் எழுதினாள். பெரிய ஆய்விதழில் வந்தது. அவளுடைய வரைபடம் பாடப்புத்தகங்களுக்குப் போனது. அவள் சொன்னதை அடிப்படையாக வைத்துப் பிறர் தங்கள் ஆய்வுகளைக் கட்டினார்கள். யுனிவர்சிட்டியில் அவளுக்கு வேலை கிடைத்தது, மாணவர்கள் வந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பெருமுக்கல் மலை ஏறி, கோயில் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். கீழே காய்ந்த வயல்களைக் காட்டி, "இதெல்லாம் தண்ணி. நாம இப்போ கரையில உக்காந்திருக்கோம்" என்றாள். அவள் சொன்னதும் எனக்கு உண்மையிலேயே தண்ணீர் தெரிந்தது. அவள் அத்தனை சந்தோஷமாக இருந்த நாள் வேறு எதுவும் எனக்கு நினைவில்லை.

மாணவர்களில் பிரபு என்று ஒருத்தன். செஞ்சிப் பக்கம், விவசாயக் குடும்பம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் அவன் பிள்ளை மாதிரி என்று எழுதினால் சினிமா போல இருக்கும், ஆனால் அப்படித்தான் இருந்தது. ஞாயிறு மதியம் அவனுக்கும் சேர்த்துத்தான் அஞ்சலை மீன் வாங்குவாள். அவனுடைய பிஎச்.டி.யே அவள் கண்டுபிடித்த விரிகுடாவைப் பற்றித்தான். அதன் கரை எங்கெல்லாம் போனது என்று ஊர் ஊராகத் தோண்டிக்கொண்டிருந்தான்.

பிறகு ஒரு வருஷம் ஐப்பசி மழையில் வெள்ளம் வந்தது. மாமா வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, வடிந்தபோது வண்டலை விட்டுவிட்டுப் போயிருந்தது. நாங்கள் போய் வாரிக் கொட்டினோம். பாதியில் அஞ்சலை ஒரு பாலிதீன் பையில் அதில் கொஞ்சம் அள்ளி முடிந்துகொண்டாள். "அத இன்னாத்துக்கு?" என்றேன். "சும்மா, பழக்க தோஷம்" என்றாள்.

சில நாள் கழித்து நான் ஆபீசிலிருந்து வந்தபோது அவள் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அவள் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கை இரண்டையும் மடியில் வைத்திருந்தாள்.

"இங்க வந்து பாருங்க" என்றாள்.

அதற்குள் எனக்கு இமை முடி பார்க்காமல் ஓடு பார்க்கத் தெரிந்திருந்தது. உருண்டை உருண்டையாக நாலைந்து அறை சேர்ந்த ஓடுகள். அவளுடைய விரிகுடாப் பொடிசுகள். "உன் பசங்கதான்" என்றேன்.

"இது எங்க நைனா வீட்ல வாரின மண்ணு."

எனக்குப் புரியவில்லை. அவளே நிதானமாகச் சொன்னாள். வானூர்ப் பக்கத்து மண்ணில், ஆறு கோடி வருஷப் பழைய கடலின் ஓடுகள் கிடக்கின்றன. மழை அவற்றை அரித்து, ஓடைகளில் உருட்டி, கழுவெளி வழியாக மரக்காணத்துக்குக் கொண்டுவந்து போடுகிறது. இன்றைக்கும் போடுகிறது, அன்றைக்கும் போட்டிருக்கும். உருண்டு தேய்ந்து வந்ததால் பிற்காலத்து வகை போலவே தெரிகின்றன. அவள் குழியில் கண்டது அங்கே வாழ்ந்த உயிர்களை அல்ல, அடித்துக்கொண்டு வரப்பட்டவற்றை. ஆழமான விரிகுடா எதுவும் இருந்ததில்லை. பெருமுக்கல் மலையடியில் அலை அடித்ததில்லை.

"நாந்தான் கடல கொண்டுபோய் அங்க வெச்சிட்டேன்" என்றாள். அப்புறம் அழுதாள். அவள் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

பழைய பேராசிரியருக்குப் போன் செய்தாள். அவர் சத்தம் ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்டது. "யாரும் கேக்கலையேம்மா. நீயா போய் ஏன் சொல்ற?"

"கேக்கலைன்னா சரின்னு ஆயிடுமா சார்?"

அதோடு அவர் இவளிடம் பேசுவதை விட்டுவிட்டார். அவர் பெயரும் அந்தக் கட்டுரையில் இருந்ததே. அஞ்சலை அதே ஆய்விதழுக்கு எழுதினாள், என் முடிவு தவறு, திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று. ஏற்கெனவே பேசி முடிந்திருந்த பதவி உயர்வு நின்றுபோனது. கருத்தரங்குகளுக்கு அவள் போனால் பேச்சு சட்டென்று அடங்கும் என்று அவள் கூடப் போன மாணவி ஒருத்தி பிற்பாடு என்னிடம் சொன்னாள். அதையெல்லாம் அஞ்சலை தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாமல் போனது பிரபு விஷயம்.

அவனை வீட்டுக்குக் கூப்பிட்டு, எதிரில் உட்கார வைத்துச் சொன்னாள். அவன் வெள்ளத்து மண்ணை மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தான். தலை நிமிரும்போது முகம் வெளுத்திருந்தது.

"உங்களதான மேடம் நம்புனேன். எங்க வீட்ல இத்தினி வருசமா என் ஒருத்தன் சம்பாத்தியத்துக்குக் காத்திருக்காங்க. நான் தோண்டினதெல்லாம் இன்னா மேடம்? ஒண்ணுமில்லையா?"

"தோண்டினது வீணாவாது பிரபு. வேற மாதிரி எழுதலாம். நான் கூட இருக்கேன்."

"நீங்க இருந்தீங்களே மேடம், இவ்ளோ நாளா."

சாப்பிடாமல் போனான். திரும்ப வரவே இல்லை. படிப்பையும் விட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டோம். அவனுக்கு அவள் எத்தனையோ தடவை போன் செய்தாள். அவன் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் அவள் ஒரே ஒரு வேலைதான் செய்தாள். வாழ்ந்த ஓடு எது, வந்த ஓடு எது என்று பிரிப்பது எப்படி? விளிம்பு எப்படித் தேய்ந்திருக்கும், அறைக்குள் என்ன நிற மண் அடைத்திருக்கும், ஓடு எந்த நிறத்துக்கு மாறியிருக்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஒரு முறையை உருவாக்கினாள். ஓடையில், அரிசி களையும் அரிக்கன்சட்டியோடு நிற்பாள். நான் பை பிடித்துக்கொண்டு நிற்பேன். பெரிய ஆய்விதழ்கள் அதை வேண்டாம் என்றன. கடைசியில் யாரும் அதிகம் பார்க்காத ஒரு சின்ன ஆய்விதழில் வந்தது. வந்த இதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அச்சுப்பிழை இல்ல" என்றாள். கொண்டாட்டம் அவ்வளவுதான்.

கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தபோது முற்றிவிட்டிருந்தது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டு, மேஜையை அதோடு சேர்த்து வைத்தேன். பிரஷ் கையில் நிற்காததால் அவளால் ஓடு பொறுக்க முடியவில்லை. "நீங்க பண்ணுங்க, நான் சொல்றேன்" என்றாள். பிரஷ்ஷை நாக்கில் நனைத்து ஓர் ஓட்டைத் தொட்டேன். வந்தது. அட்டைக்குக் கொண்டுபோவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. அந்த மூச்சிலேயே அது எங்கோ பறந்துவிட்டது. தரையில் தவழ்ந்து தேடினேன்.

"வுடுங்க" என்றாள். "ஆறு கோடி வருசம் தப்பிச்சி வந்துச்சு. உங்க கையில போச்சு."

சிரித்தாள். சிரித்தால் வலிக்கும், ஆனாலும் சிரித்தாள். நானும் தரையில் உட்கார்ந்தபடியே சிரித்தேன். பிறகு அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, "பிரபு போன் பண்ணானா?" என்றாள். தினமும் கேட்பாள். "இல்லம்மா" என்பேன். பொய் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். அவளிடம் எப்படி?

காரியமெல்லாம் முடிந்து சில வாரங்கள் கழித்து அவளுடைய போன் அடித்தது. நான்தான் அதை சார்ஜ் போட்டு வைத்திருந்தேன், ஏன் என்று கேட்காதீர்கள். "மேடம் இருக்காங்களா சார்? நான் பிரபு" என்றது குரல். திருவண்ணாமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருக்கிறானாம். பள்ளியில் அறிவியல் கண்காட்சி, பிள்ளைகள் ஆற்று மணலில் ஓடு தேடியிருக்கிறார்களாம். "மேடம்தான் வந்து தொறந்து வைக்கணும் சார். நானே வண்டி வெச்சி கூப்டுகினு வர்றேன். கோவமா இருப்பாங்களா சார்? கொஞ்சம் குடுங்களேன், நான் பேசிக்கிறேன்."

"சார்? சார்?" என்று அவன் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அந்தப் பக்கம் ஒரு பெரிய ஆம்பிளை பள்ளிக்கூட வராந்தாவில் நின்று விம்மியதும், பின்னால் பிள்ளைகள் இரைச்சலாக விளையாடிக்கொண்டிருந்ததும் மட்டும் இன்னும் கேட்கிறது.

போன மாதம் சென்னையிலிருந்து நிவேதா என்று ஓர் ஆராய்ச்சி மாணவி என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். ஒரிசாக் கடற்கரையில் வேலை செய்கிறாளாம். "எந்த சாம்பிள் எடுத்தாலும் எங்க லேப்ல முதல் கேள்வி, 'அஞ்சலை பண்ணியாச்சா'ங்கறதுதான் சார்" என்றாள். வந்த ஓட்டையும் வாழ்ந்த ஓட்டையும் பிரிப்பதற்கு இப்போது அதுதான் பெயராம். வெளிநாட்டிலும் அப்படித்தான் சொல்கிறார்களாம். "அது ஒரு மனுஷங்க பேருன்னே எனக்கு ரொம்ப நாள் தெரியாது சார். அப்புறம்தான் பழைய பேப்பர்களைத் தேடிப் படிச்சேன்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்கு வருத்தமில்லை. மாமா வைத்த பெயர், ஓரெழுத்துகூட மாறாமல் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் இதைக் கேட்க வேண்டியவள் இல்லை. வீட்டுக்குப் போய் யாரிடம் சொல்வது?

அந்தப் பழைய குழி இருந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள் நிவேதா. அங்கிருந்து மறுபடி சேறு எடுத்துப் பார்க்கப் போகிறாளாம். கூட்டிக்கொண்டு மரக்காணம் போனேன். கழிமுகத்து ஓரம் பாத்திகள் இருந்த இடத்தில் செம்மண் கொட்டி மேடாக்கி, கம்பி வேலி போட்டு, மனைக் கற்கள் நட்டிருந்தார்கள். வரப்பு இல்லை, மதகு இல்லை. அடையாளத்துக்கு நின்ற பனைமரங்கள் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள மாமாவும் இல்லை. ஓடை வரும் வழியையே திருப்பிவிட்டிருந்தார்கள். வேலியோரமாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். இங்கேதான் இருக்கும் என்று ஓர் இடத்தில் தோன்றும், பத்தடி போனால் இல்லை, அங்கே என்று தோன்றும்.

நிவேதா போனில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "தோராயமா ஒரு இடம் சொன்னீங்கன்னாகூடப் போதும் சார், குறிச்சிக்கிறேன்."

ஏதாவது ஓர் இடத்தைக் கை காட்டிவிட வேண்டும் என்று எனக்கு எத்தனை ஆசையாக இருந்தது தெரியுமா? காட்டியிருந்தால் அது குறிக்கப்பட்டிருக்கும். அஞ்சலை இறங்கி நின்ற இடம் என்று பூமியில் ஒரு புள்ளி இருந்திருக்கும்.

"தெரியலம்மா" என்றேன்.